ஆளில்லாத காற்றுத்திரை

வூச், ஆகஸ்ட் 27, 2018

தனுத்தா,

இந்தக் காலத்தில் கடிதமா என்று உன் தங்கை மிர்கா சிரிப்பாள். சிரிக்கட்டும். தொலைபேசி செய்தால் அவள்தான் எடுக்கிறாள். "அக்கா குளிக்கறா" என்கிறாள். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், சாயங்காலமும் குளிக்கிறாய். இப்படிக் குளித்தால் தோருன் நகரத்துக்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்துவிடும். நீயே எடுத்தாலும் என் காதுக்குச் சரியாகக் கேட்காது. நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். தோட்டத்தில் தக்காளி பழுத்துக் கொட்டுகிறது. செர்ரி ஊறல் மதுவை வடிகட்டிவிட்டேன், இந்த வருஷம் நிறம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் பாட்டில் மூடிகளை எங்கே வைத்தாய் என்று தெரியவில்லை. கார்வியா கடற்கரையில் எடுத்த போட்டோக்கள் அச்சாகி வந்துவிட்டன. ஆல்பத்துக்கு வருஷா வருஷம் நீ தைக்கும் துணி உறைதான் பாக்கி.

இனி மற்றது. விடுமுறை முடிந்து காரில் திரும்பும்போது, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், "என்னை மிர்கா வீட்ல இறக்கி விட்டுடு" என்றாய். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பெட்டியை மேல்மாடி வரை தூக்கி வைத்தவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. நான் என்ன கொலையா செய்தேன்?

எனக்கு எப்படித் தெரியும், சொல். விடியற்காலை, அரை இருட்டு, கடல் பக்கம் மூடுபனி. நம் வழக்கமான இடத்தில், உயிர்காப்பாளர் மேடைக்கு இடப்பக்கம், யாரோ காற்றுத்திரையின் கம்புகளை மணலில் நட்டு, துணியால் இடத்தை வளைத்துப் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஆள் இல்லை. திரையை நட்டுவிட்டு விடுதிக்குப் போய்த் தூங்குகிற கூட்டத்தைக் கண்டால் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். நட்டால் காவல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேனே, ஃப்ளாஸ்கில் காபியோடு, நீங்கள் எல்லோரும் சாப்பிட எழுந்திருக்கும்வரை! பிடுங்கினேன், சுருட்டினேன், மீன் புகைபோடும் கொட்டகைக்குப் பின்னால் குப்பைத்தொட்டி ஓரமாகப் போட்டேன். நம்முடையதை நட்டேன். கடற்கரையில் யாரும் செய்வதுதான்.

அது ராடெக்குடையது என்று அதில் எழுதியா ஒட்டியிருந்தது? கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு விடுமுறையிலும் ஒன்பது மணிக்கு முன்னால் கண் விழிக்காத மாப்பிள்ளை, அன்றைக்கு மட்டும் எழுந்து போவான் என்று நான் கனவா கண்டேன்?

வந்து சேர். முட்டையிலேயே காலத்தை ஓட்டுகிறேன்.

லுத்விக்


தோருன், செப்டம்பர் 1

லுத்விக்,

மூடிகள் என் தையல் மிஷினுக்கு மேலே உள்ள பரணில் இருக்கின்றன. தக்காளியைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டெபானியாவுக்குக் கொடு, அழுகவிடாதே.

நீ பிடுங்கியதைப் பற்றி யார் உன்னைக் கேட்டார்கள்? அது தெரியாமல் செய்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் செய்தாயே, அதுவும் தெரியாமலா?

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். விடுதியின் நீள மேசை. பல் டாக்டர் குடும்பம், அந்த இரட்டைச் சகோதரிகள், நம் மகள் கிங்கா, ராடெக், குழந்தை போலா, எல்லோரும் இருக்கிறார்கள். நீ வெண்ணெய்க் கத்தியை மரச்சுத்தி மாதிரி ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தாய். "எந்த மடையனோ நட்டு வெச்சிட்டுப் போய்ப் படுத்துட்டான். ஒரு கம்பு கிழக்கே பாக்குது, ஒரு கம்பு மேற்கே பாக்குது. குடிகாரன் பல்லு மாதிரி! நாப்பது வருஷம் சர்வேயரா இருந்தவன் கண்ணு இதைப் பாத்துட்டு சும்மா இருக்குமா? எடுத்துக் குப்பையில கடாசிட்டேன்." பல் டாக்டருக்குப் புரையேறிவிட்டது. மேசை முழுக்கச் சிரித்தது. ராடெக் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடவிய இடத்திலேயே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் போலா சொன்னாள். "தாத்தா, அது அப்பாவோடது. நானும் கூடப் போனேன். உள்ள சிப்பி வெச்சு உன் பேரு எழுதினேனே, நீ பாக்கலியா?"

அந்த இடத்தில் ஒரு "அடடா" சொல்லியிருந்தால் போதும். நீ சொன்னது என்ன? "அப்படின்னா உங்கப்பனுக்கு யாராவது கம்பு நேரா நடக் கத்துக்குடுங்கடா!" ஆறு வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்த்து. மேசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதை நீ கவனித்தாயா? மத்தியானத்துக்குள் அவர்கள் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டார்கள். பெற்ற மகள் என்னிடம் முத்தத்துக்குக் கன்னத்தைக்கூடக் காட்டாமல் போனாள்.

ராடெக் உன்னை இன்னும் "சார்" என்கிறான். பெரியவர் வாய் திறந்து சொன்னால்தான் மாப்பிள்ளை உறவுமுறை சொல்லிக் கூப்பிடலாம். கல்யாணத்தன்றே சொல்ல வேண்டியதை நீ இன்னும் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய், இதற்கு மட்டும் திறக்காது. நான் முதல் கிறிஸ்துமஸிலேயே சொல்லிவிட்டேன். என்னை அவன் வாய் நிறைய "அத்தை" என்பான். அதுதான் எனக்கு... சரி, அது இருக்கட்டும்.

நீ போஸ்னானில் அவர்கள் வீட்டுக்குப் போய் அவன் முகத்தைப் பார்த்து உன் தப்பைச் சொல்லும்வரை நான் வீட்டுக்கு வர மாட்டேன். போனில் சொல்லாதே. ஊறல் பாட்டிலை நீட்டித் தப்பிக்கப் பார்க்காதே.

நானும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் முகம் எரிகிறது. இன்னும் என்னவோ எழுத நினைத்தேன், வரவில்லை.

தனுத்தா


வூச், செப்டம்பர் 10

தனுத்தா,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே பாட்டிலை அனுப்பித் தொலைத்துவிட்டேன். இருப்பதிலேயே நல்ல பாட்டில். கூடவே ஒரு சீட்டும் வைத்தேன். ஆளில்லாத திரையை அகற்றுவது ஏன் நியாயம் என்று அதில் நிதானமாக விளக்கியிருந்தேன். நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. பாட்டில் திரும்பி வந்துவிட்டது. சீட்டும் வந்துவிட்டது. ஒட்டியது ஒட்டியபடி.

கிங்காவுக்குப் போன் செய்தேன். "என்கிட்ட எதுக்குப்பா பேசறீங்க? கம்பு நட்டது நானா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவள் குரல் உன் குரல் மாதிரியே ஆகிவிட்டது.

தோட்டத்தில் ஸ்டெபானியா, "எங்க தனுத்தாவைக் காணோம்?" என்றாள். மிர்காவுக்கு முழங்கால் ஆபரேஷன், துணைக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் முழங்காலுக்கு நல்லது என்று முட்டைக்கோஸ் இலை கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது தினமும் விசாரிக்கிறாள். மிர்காவின் முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குணப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. ஆல்பம் ஒட்ட உட்கார்ந்தேன். உறை இல்லாவிட்டாலும் பக்கங்களை முடித்துவிடலாம் என்று பழையவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினேன். கார்வியா, ஹங்கேரி வெந்நீர்க் குளம், குரோவேஷியாவில் நீ வெயிலில் தோலுரிந்த வருஷம், மலையில் மழையில் மாட்டிக்கொண்ட வருஷம். எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன், நீ, கிங்கா, போலா. ராடெக் இல்லை. ஒன்றில்கூட இல்லை. குரூப் போட்டோ என்றால் கேமராவை அவன் கையில் கொடுத்து, "நீ எடுப்பா, நாங்க நிக்கறோம்" என்று சொல்வேன். நாங்கள் என்று சொல்லியிருக்கிறேன் பார்.

ஒரே ஒரு படத்தில் மணலில் அவன் நிழல் விழுந்திருக்கிறது. அதையும் நான் கத்தரியால் வெட்டியிருக்கிறேன், ஆல்பத்தில் சதுரமாக உட்கார வேண்டும் என்பதற்காக. பாதித் தலைதான் மிச்சம்.

நாற்பது வருஷம் அடுத்தவர் எல்லைக் கல்லை நேராக நட்டவன். வெட்கமாக இருக்கிறது, தனுத்தா. என்ன செய்வது என்று சொல்.

லுத்விக்


தோருன், செப்டம்பர் 16

லுத்விக்,

ஆல்பம் விஷயத்தைப் படித்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டேன், மிர்கா முகத்தைப் பார்க்கக் கூடாதே என்று. அந்தத் துணி உறைகளை எல்லாம் தைத்தவள் நான். எத்தனை தடவை பக்கம் புரட்டியிருப்பேன். எனக்கும்தானே தெரிந்திருக்க வேண்டும்.

அவளிடம் முழங்கால் கதையைச் சொன்னேன். இப்போது வேண்டுமென்றே நொண்டி நொண்டி நடந்து காட்டுகிறாள்.

என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். நீ பிடுங்கிப் போட்டது என்ன ஆயிற்று என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? அவன் கடையில் புதிதாக வாங்கியது அது. பச்சையும் ஆரஞ்சும் கோடு போட்டது. அவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது உன் ஊறல் இல்லை, அந்தத் துணி. கார்வியாவுக்குப் போய்த் தேடு. கிடைக்காமல் போகலாம். போனாய் என்றாவது இருக்கட்டும்.

தனுத்தா


கார்வியா, செப்டம்பர் 24

தனுத்தா,

விடுதியில் இடம் கிடைத்தது. கிடைக்காமல் என்ன, நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். அதே நீள மேசையில் ஒரு மூலையில் எனக்கு மட்டும் தட்டு வைத்தாள் விடுதிக்காரி. எதிரே காலி நாற்காலிகள். பாதியில் எழுந்துவிட்டேன்.

கடற்கரைக்குப் போனேன். காற்று காதைக் கிழிக்கிறது. திரையும் இல்லை, மனிதரும் இல்லை, உயிர்காப்பாளர் மேடையைக்கூடக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். நம் இடம் எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. வருஷா வருஷம் சண்டை போட்டுப் பிடித்த இடம், எது என்றே தெரியவில்லை. நான் ஒரு சர்வேயர்! மணல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

குப்பைத்தொட்டி ஓரம் ஒன்றும் இல்லை. மீன் கொட்டகைக்காரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சுத்தியல் சார்தானே நீங்க? சீசன்ல உங்க டொக்கு டொக்கு சத்தத்துலதான் எங்க ஊரே முழிச்சுக்கும். தனியாவா வந்தீங்க?"

"ஒரு காத்துத்திரை தேடறேன்மா. பச்சையும் ஆரஞ்சும். ஆகஸ்ட்ல இங்க போட்டேன்."

"போட்டீங்களா, மறந்தீங்களா?"

"போட்டேன். என் மாப்பிள்ளையோடது."

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். பிறகு, "மாப்பிள்ளையோடதைக் குப்பையில போட்டுட்டு, ஊரெல்லாம் காலியானப்புறம் தேடி வந்திருக்கீங்க. நல்ல மாமனார்!" என்று சொல்லிப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வாத்துகளுக்குக் காற்றடிக்காமல் சுற்றிக் கட்டியிருந்தாள். நீ நிறம் சொல்லியிருக்காவிட்டால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அன்றைக்கு அரை இருட்டில் எனக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது.

அவிழ்த்துக் கொடுத்தாள். வாத்துகள் என்னைப் பார்த்துக் கத்தின, இடத்தைப் பிடுங்குகிறவன் வந்துவிட்டான் என்று. ஒரு கம்பு ஒடிந்திருக்கிறது. துணி இரண்டு இடத்தில் நீளமாகக் கிழிந்திருக்கிறது. புகைமீன் வாசனை, வாத்து எச்சம், எல்லாம் சேர்ந்து அறையே நாறுகிறது. கம்பை நான் செதுக்கிவிடுவேன். துணியை உனக்கு அனுப்பட்டுமா? உன் கைப்பட்டால் கிழிந்த இடம் தெரியாது. சீருடைத் தொழிற்சாலையில் அத்தனை வருஷம் தைத்தவளுக்கு இது ஒரு வேலையா?

லுத்விக்


தோருன், செப்டம்பர் 30

லுத்விக்,

அனுப்பாதே. நான் அதைத் தொட மாட்டேன். ஏன் என்று கேட்காதே.

நீயே தை. மிஷின் வீட்டில்தானே இருக்கிறது. முதலில் துணியைச் சோடாமாவு போட்டு இரவு ஊற வைத்துத் துவை. தடித்த ஊசி இழுப்பறையில் சிவப்பு டப்பாவில் இருக்கிறது. நூலை முன்னாலிருந்து பின்பக்கமாகக் கோர். பாபினில் நூல் தீர்ந்ததா என்று நடுநடுவே பார். இல்லாவிட்டால் வெறும் ஓட்டைதான் போட்டுக்கொண்டிருப்பாய். காலை மெதுவாக வை, அது காரின் ஆக்சிலரேட்டர் இல்லை. துணியைப் பிடித்து இழுக்காதே. அது போகிற போக்கில் விட்டு, கையால் வழி மட்டும் காட்டு.

மிர்கா கேட்கிறாள், "அவர்தான் இவ்வளவு இறங்கி வந்துட்டாரே, நீ ஏங்கா இன்னும் இங்கயே உக்காந்திருக்க?" என்று. எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். தூக்கம் சரியில்லை.

தனுத்தா


வூச், அக்டோபர் 14

தனுத்தா,

தைத்தேன். முதல் நாள் விரலில் ஊசி ஏறியது. இரண்டாம் நாள் பாபின் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழம் வெறும் ஓட்டை போட்டேன். மூன்றாம் தடவை தையல் பிடித்தது. ஆனால் பாம்பு ஊர்ந்த மாதிரி போகிறது. அடிஸ்கேலால் கோடு போட்டுக்கொண்டு தைத்தும் அப்படித்தான். பிரிக்கப் போனேன், பிரித்தால் துணியே மிஞ்சாது என்று விட்டுவிட்டேன்.

நேற்று போஸ்னானுக்குப் போனேன். ரயில் பெட்டியில் என்னையும் திரையையும் தவிர யாரும் இல்லை. இருந்தவர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். சோடாமாவுக்கு மீன் வாசனை மசியவில்லை.

வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். ராடெக் கதவைத் திறந்தான், இடுப்பில் சமையல் துணி, கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி. எல்லாம் மறந்துபோயிற்று. உள்ளே வாருங்கள் என்று அவன் சொல்லவில்லை. வாசலிலேயே சொன்னேன்.

"பிடுங்கினது தெரியாம பண்ணினது. மேசையில பேசினது தெரிஞ்சே பண்ணினது. போலா சொன்னதுக்கப்புறமும் பேசினேன். உன்னை எல்லார் முன்னாடியும் மானங்கெடுத்தினேன். அதுக்கு வந்திருக்கேன்."

அவன் கத்தியைக் கதவோரம் வைத்தான். அப்புறம் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். "போலாவுக்குக் குளிருதுன்னு ஸ்வெட்டர் எடுக்கத்தான் ரூமுக்குப் போனோம் சார். ஆளில்லாம விட்டுட்டுப் போயிடல. திரும்பி வந்து பாத்தா, நீங்க உங்க திரைக்குள்ள உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தீங்க. கூப்பிடலாம்னு நெனச்சேன். வாய் வரல. போலா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்."

அப்படியானால் நான் மேசையில் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

திரையை நீட்டினேன். அந்த நடையிலேயே விரித்தான். தையல் மேல் விரலை ஓட்டினான். "கோணலா இருக்கே, சார்" என்றான்.

"குடிகாரன் பல்லு மாதிரி" என்றேன்.

சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால். அப்புறம்தான் உள்ளே விட்டான். கிங்கா சூப் ஊற்றினாள். இரண்டாம் தடவை கேட்காமலே ஊற்றினாள். போலா என் பக்கத்தில் வந்து நின்று, "தாத்தா, இருட்டுல என் சிப்பியை மிதிச்சியா?" என்று கேட்டாள். மிதித்தேன் என்றேன். "கால்ல குத்திச்சா?" என்றாள். அவளுக்குக் கவலை என் காலைப் பற்றி.

எழுந்திருக்கும்போது ராடெக்கிடம், "இனிமே சார் வேணாம்ப்பா. மாமான்னு கூப்பிடு. பதினோரு வருஷம் லேட்டாச்சு" என்றேன். "பழகணும் சார், உடனே வராது" என்றான். நியாயம்தான். நவம்பர் முதல் தேதி என் அம்மா அப்பா கல்லறைக்குச் சாமந்தி வைக்க வூச்சுக்கு வருகிறார்கள். கிங்காவே சொன்னாள்.

ஒன்று மறந்துவிட்டேன். படியிறங்கும்போது அவன் பின்னாலேயே வந்து, கிங்காவுக்குக் கேட்காதபடி, "அத்தைகிட்ட சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்லலைன்னு. கிங்காகிட்டகூட" என்றான். எதை என்று கேட்டேன். "அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். உங்கள் இருவருக்குள் ஏதாவது பிறந்தநாள் பரிசு ஏற்பாடா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

நீ சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். இனியாவது வா.

லுத்விக்


தோருன், அக்டோபர் 18

லுத்விக்,

பிறந்தநாள் பரிசு இல்லை.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீ பல் டாக்டரோடு சீட்டாடிக்கொண்டிருந்தபோது ராடெக் என்னைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனான். டிக்கியைத் திறந்து காட்டினான். பச்சையும் ஆரஞ்சும். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. "நாளைக்கு நான் போய் இடம் பிடிக்கறேன் அத்தை. சார்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் சுத்தியோட வந்து நிக்கறப்போ எல்லாம் ரெடியா இருக்கணும். ஒரு தடவையாவது பரவால்லடான்னு சொல்வாரில்ல?" என்றான். அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். அந்த விடுதியில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் நீ சுத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிய சத்தம் கேட்டது. போய் அசந்து நிற்கட்டும் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

மேசையில் நீ "எந்த மடையனோ" என்று ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் உன் காலை மிதித்திருக்கலாம். உப்பை எடு என்று பேச்சை மாற்றியிருக்கலாம். நாற்பது வருஷம் உன்னோடு வாழ்ந்தவளுக்கு உன்னை நிறுத்தத் தெரியாதா? நான் சிரித்தேன், லுத்விக். உனக்குப் பயந்து சிரித்தேன் என்றால் அதற்காவது ஒரு மரியாதை இருக்கும். மேசையே சிரித்தது, நீ நன்றாகச் சொன்னாய், குடிகாரன் பல்லு என்றபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாரைச் சொல்கிறாய் என்று தெரிந்தே சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், ராடெக் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னை இல்லை. என்னை.

அதனால்தான் மிர்கா வீட்டில் இறங்கினேன். உன்னோடு வீட்டுக்கு வந்தால் என்றைக்காவது இதைச் சொல்லிவிடுவேன் என்று பயம். உன் மேல் கோபம் என்று நீ நினைத்தாய், மிர்காவும் நினைத்தாள், நாளாக ஆக நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்தேன். உன்னைத் திட்டி எழுதும்போதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருந்தது. உன்னைக் கடற்கரைக்கு விரட்டினேன், ஊசியைப் பிடிக்க வைத்தேன். அந்தத் துணியில் கை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று எழுதத் தைரியம் வராமல், தொட மாட்டேன் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேன்.

நீயாவது தெரியாமல் பிடுங்கினாய். அவன் என்னை நம்பிச் சொன்னான். இன்னும் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறான். கிங்காவிடம் சொல்லியிருந்தால்கூட எனக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, மத்தியான ரயிலில் போஸ்னானுக்குப் போகிறேன். கிங்காவிடம் என் வாயால் சொல்லப்போகிறேன், அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கதவைச் சாத்தினால் சாத்தட்டும். நீ வராதே. நீ வந்தால் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். இத்தனை நாள் அதைத்தானே செய்தேன்.

தனுத்தா


வூச், அக்டோபர் 23

தனுத்தா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கம்பு ஒன்றை அடித்த அடியில் அது பிளந்துவிட்டது. ஸ்டெபானியா எட்டிப் பார்த்து, "என்ன லுத்விக், யாரோட சண்டை?" என்றாள். "பொண்டாட்டியோட" என்றேன். "அப்போ மிர்கா முழங்கால்?" என்றாள். "அது நல்லாத்தான் இருக்கு, எப்பவும் நல்லாத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டேன். முட்டைக்கோஸ் இலைக்கு மன்னிப்பும் கேட்டேன். இப்போது எனக்கு அது பழகிவிட்டது.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதமாக என்னைத் தனியாகச் சுமக்க விட்டாய். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் யாரையாவது கேலி செய்வேன், நீ சிரிப்பாய். கல்யாணமான நாளிலிருந்து நம் மேசை இப்படித்தான் நடந்திருக்கிறது. நீ சிரிப்பாய் என்றுதான் நான் சொல்வதே. அன்றைக்கும் சொல்லி முடித்துவிட்டு உன் முகத்தைத்தான் பார்த்தேன். பல் டாக்டரை இல்லை.

நீ மேலே தனியாகப் போ. நான் குறுக்கே வர மாட்டேன், வாசல் வரைக்கும்கூட வர மாட்டேன். ஆனால் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போஸ்னானுக்கு வருகிறேன். அவர்கள் வீட்டுக்கு எதிரே, மரத்தடியில் நிறுத்தியிருப்பேன். ஃப்ளாஸ்கில் காபி இருக்கும், உன் கம்பளிச் சால்வையும் எடுத்து வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தாலும் சரி, முகத்தில் அடித்த மாதிரி சாத்தினாலும் சரி, எவ்வளவு நேரமானாலும் சரி. எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை காவல் இருப்பது ஒன்றுதான்.

நீ கீழே இறங்கி வரும்போது அங்கே ஆள் இருக்கும்.

லுத்விக்